வால் விசிறி எந்தப் பக்கம்? வியட்நாம் காலத்து ஹெலிகாப்டர்களும் நம் கைக்கு வரும் கிட்டுகளும்

ஸ்கேல் மாடல் கட்டத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி கிட் நல்லது?" என்பதுதான். திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடி வட்டாரத்தில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொலுப்படியின் கீழ் பூங்கா வைத்து, அதில் பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் ஒன்றை நிறுத்திப் பழகிய ஊர் இது. அந்தப் பொம்மையிலிருந்து அளவு பிசகாத மாடலுக்கு நகரும் ஆள் குழம்புகிற முதல் இடம் இந்தக் கேள்வி. கம்பெனியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எந்த ஹெலிகாப்டர், எந்த வருடம், எந்தப் புகைப்படம்? இது முடிவானால் கிட் தானாகவே இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். முடிவாகாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அலமாரியில் நிற்பது பெட்டிப் படத்தின் நகல்தான்.

இதை வியட்நாம் காலத்து ஹெலிகாப்டர்களில் பார்ப்பதுபோல் வேறு எதிலும் தெளிவாகப் பார்க்க முடியாது. அமெரிக்க ஹெலிகாப்டர் விமானிகள் சங்கம் தொகுத்த கணக்குப்படி, ஏறத்தாழ 12,000 ஹெலிகாப்டர்கள் அந்தப் போரில் பறந்தன. 5,000க்கும் மேற்பட்டவை அழிந்தன. அவற்றில் பாதிக்கு மேல் பெல் நிறுவனத்தின் யூஎச்-1, அதாவது ஹியூயி. 1962இல் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல வந்த வண்டி, 1965க்குள் படைகளை இறக்குவது, சுடுவது என எல்லாவற்றுக்கும் பயன்படும் வண்டியாக மாறிவிட்டது. களத்தில் என்ன தேவைப்பட்டதோ அதற்கேற்ப வருடத்துக்கு வருடம் அதன் உடம்பும் மாறியது. கிட் செய்பவர்களோ ஒரு அச்சை வெட்டினால் இருபது, முப்பது வருடம் அதிலேயே வார்ப்பார்கள். பிசகு பிறப்பது இங்கேதான்.

ஹியூயியின் குடும்பத்தை முதலில் பிரித்துக்கொள்வோம். யூஎச்-1பி குட்டை உடம்பு. பக்கவாட்டு நகரும் கதவில் ஒரே ஜன்னல். மேல் விசிறியின் விட்டம் 13.4 மீட்டர். யூஎச்-1சி அதே குட்டை உடம்புதான். ஆனால் விசிறித்தலை புதியது, விசிறியின் இறக்கைகள் அகலம். சுடுவதற்கென்றே வந்தது அது. யூஎச்-1டி நீண்ட உடம்பு, கதவில் இரண்டு ஜன்னல், விசிறி 14.63 மீட்டர். யூஎச்-1எச் வெளியில் பார்த்தால் டி மாதிரியே இருக்கும். உள்ளே எஞ்சின் 1,100 குதிரைத்திறனிலிருந்து 1,400க்கு ஏறியது, மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த காற்றழுத்தக் குழாய் கூரைக்குப் போனது. இதை மட்டும் தெரிந்துகொண்டாலே சந்தையில் கிடைக்கும் பெட்டிகளில் பாதியை ஒதுக்கிவிடலாம். டி என்று பெயரிட்ட பெட்டிக்குள் கூரைக்குழாய் இருந்தால், அது எச். அந்தக் குழாயை வெட்டி மூக்கில் ஒட்டுவது பத்து நிமிட வேலை. கதவில் ஜன்னல் ஒன்று குறைந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது; அது வேறு உடம்பு.

அளவுகோலை மறக்கக் கூடாது. 1/72 என்றால் யூஎச்-1டியின் விசிறி 203 மில்லிமீட்டர். 1/48 என்றால் 305. 1/35 என்றால் 418. குட்டை உடம்பு யூஎச்-1பி 1/72இல் 186. பெட்டியைத் திறந்ததும் இறக்கையை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், அச்சு வெட்டியவர் வேறு ஹெலிகாப்டரின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அளவைவிட அதிகம் பிசகுவது திசை. அமெரிக்க ஹெலிகாப்டர்களின் மேல் விசிறி, மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். ரஷ்ய, பிரெஞ்சு ஹெலிகாப்டர்களுடையது வலஞ்சுழி. இறக்கையின் தடித்த முனைதான் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும். மெல்லிய முனை பின்னால் வரும். ஹியூயி கட்டிப் பழகியவர் அதே பழக்கத்தில் ரஷ்ய எம்ஐ-8க்கு இறக்கை ஒட்டினால், அந்த ஹெலிகாப்டர் பின்புறமாகச் சுற்ற வேண்டியிருக்கும். கண்காட்சிகளில் பரிசு வாங்கிய மாடல்களிலேயே இந்தத் தவறைப் பார்க்கலாம். வர்ணம் பிரமாதமாக இருக்கும். இறக்கை மட்டும் தலைகீழ்.

அடுத்தது வால் விசிறி. யூஎச்-1பி, சி, டி, எச் எல்லாவற்றுக்கும் அது இடப்பக்கம். இரட்டை எஞ்சின் வைத்த யூஎச்-1என், அதன் சிவில் வடிவமான பெல் 212, இவற்றுக்கு வலப்பக்கம். கோப்ரா என்ற ஏஎச்-1ஜியில் இன்னும் சுவாரசியம். 1965 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்து, 1967இல் வியட்நாம் வந்த அந்த ஒல்லி உடம்புக்கு, ஆரம்ப உற்பத்தியில் வால் விசிறி இடப்பக்கம் இருந்தது; பிற்பாடு வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆகவே 1967ஆம் வருடக் கோப்ரா கட்டுகிறவருக்கும் 1971ஆம் வருடக் கோப்ரா கட்டுகிறவருக்கும் ஒரே கிட் போதாது. கீவ் நகரில் இயங்கும் ஐசிஎம் நிறுவனம் 1/32 அளவில் கோப்ராவைக் கொண்டுவந்தபோது ஆரம்ப உற்பத்தி, பிந்தைய உற்பத்தி என்று இரண்டு பெட்டிகளாகவே வெளியிட்டது. கிட் உலகத்தில் இப்படிப்பட்ட நேர்மை அபூர்வம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு உக்ரைன் போருக்கு நடுவிலும் அந்த நிறுவனம் புது அச்சுகள் போட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வருடத்தைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு உறுப்பு புகைபோக்கி. 1972இல் தோளில் வைத்துச் சுடும் எஸ்ஏ-7 ஏவுகணை வியட்நாமில் களமிறங்கியது. எஞ்சின் சூட்டைத் தேடி வரும் ஆயுதம் அது. அதன்பிறகு ஹியூயிகளின் புகைபோக்கி மேல்நோக்கி வளைந்த பெரிய குழாயாக மாறியது. 1965 நவம்பரின் இயா டிராங் சண்டையைக் காட்டும் மாடலில் அந்த வளைந்த குழாய் இருந்தால் ஏழு வருடம் முந்திவிட்டோம். ஆயுதங்களும் அப்படியே. பக்கத்துக்கு 24 வீதம் 48 ராக்கெட் சுமந்தது 'ஹாக்'. மூக்கில் உருண்டையாக 40 மில்லிமீட்டர் கிரனேடு பீரங்கி வைத்தது 'ஃபிராக்'. தென்கொரியாவின் அகாடமி நிறுவனம் 1/35 அளவில் யூஎச்-1சியை 'ஃபிராக்' என்ற பெயரிலேயே விற்றது. உடம்பு, ஆயுதம், பெயர் மூன்றும் பொருந்திய பெட்டி அது. சுடும் ஹியூயி வேண்டுமென்றால் இன்றும் என் முதல் பரிந்துரை அதுதான்.

படை இறக்கும் ஹியூயிக்குப் பல வழிகள் உண்டு. ரெவெல் 1/32 அளவில் 1960களிலேயே ஹியூயி அச்சு வெட்டியது. போர் நடந்துகொண்டிருந்தபோதே கடைக்கு வந்த பொருள். உருவம் மோசமில்லை. ஆனால் உள்ளறை வெறுமை, மேற்பரப்பெங்கும் ஆணித்தலைகள் புடைத்திருக்கும். பழைய பாசத்துக்கு வாங்கலாம், துல்லியத்துக்கு வேண்டாம். இத்தாலியின் இடலேரி 1/72, 1/48 இரண்டிலும் பல வருடங்களாக ஹியூயி தருகிறது. அதே பிளாஸ்டிக் அமெரிக்காவில் டெஸ்டர்ஸ் பெட்டியிலும் வந்திருக்கிறது. பெட்டி மாறினால் கிட் மாறியதாக நினைத்து இரண்டு முறை வாங்கியவர்கள் உண்டு. 1986இல் மோனோகிராமும் ரெவெலும் ஒன்றான பிறகு இந்தக் குழப்பம் இன்னும் கூடியது. 1/35இல் பாண்டா, டிராகன் பெயர்களில் வந்த யூஎச்-1டி கொஞ்சம் உழைப்புக் கேட்கும், ஆனால் உடம்பு அளவு சரி. 1/48இல் கிட்டி ஹாக் வெளியிட்ட யூஎச்-1டி உள்ளறை விவரத்தில் மற்றவற்றைத் தூக்கிச் சாப்பிட்டது. பாகங்கள் அளவுக்கு மிஞ்சி, பொருத்தம் படுத்தி எடுக்கும். அந்த நிறுவனம் 2021இல் கடையை மூடிவிட்டது. மிச்சமிருக்கும் பெட்டிகள் கைமாறும்போது விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த விலைக்கு அது தகாது.

ஹியூயியை விட்டால் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சினூக்கில் ஏ வகை வியட்நாமுக்குச் சரி. டிரம்பீட்டர் 1/35இல் சிஎச்-47ஏ என்றே தனிப்பெட்டி போட்டது. டி வகைப் பெட்டியை வாங்கி ஏ ஆக்குகிறேன் என்று இறங்கினால் வருடம் ஓடிவிடும். சிஎச்-54 என்ற தூக்கு ஹெலிகாப்டரை ஐசிஎம் 1/35இல் தந்தது. அதன் விசிறி மட்டும் 62 சென்டிமீட்டருக்கு மேல். நம் வீட்டு அலமாரிக்குள் அடங்காது. சிறிய அளவில் கோப்ரா வேண்டுவோருக்கு செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி 1/72இல் தருவதைத் தாண்டித் தேட வேண்டியதில்லை.

சினிமா ஒரு தனித் தொல்லை. 1979இல் வந்த 'அபோகலிப்ஸ் நௌ' படத்தைப் பார்த்துவிட்டு அதிலிருக்கும் ஹியூயிதான் வியட்நாம் ஹியூயி என்று நம்பிக் கட்டுகிறவர்கள் பலர். அந்தப் படத்தில் பறந்தவை பிலிப்பைன்ஸ் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள். படப்பிடிப்புக்கு நடுவில் உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்க அவற்றைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் நடந்தது. அமெரிக்கப் படை எழுத்து அவற்றின் மேல் படத்துக்காகப் பூசியது. திரைச்சட்டத்தைப் பார்த்து மாடல் கட்டுவதில் குற்றமில்லை, அதை 1968 என்று எழுதி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் அடுத்தவர் போர், அடுத்தவர் ஹெலிகாப்டர். அதே வருடங்களில் நம் பக்கம் பறந்தவை என்ன? இதை யோசிக்கிற மாடல் கட்டுநர் மிகக் குறைவு. என் பார்வையில் இந்தத் துறையின் பெரிய வெற்றிடம் இங்கேதான் இருக்கிறது.

எம்ஐ-4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்குள் 14 சிலிண்டர் பிஸ்டன் எஞ்சினும், அதன் தலைக்குமேல் விமானிகளும், பின்னால் இரட்டைக் கதவும் கொண்ட சோவியத் வண்டி. வங்கதேசப் போரில், 1971 டிசம்பர் 7இல் சில்ஹெட்டுக்கு அருகே கூர்க்கா படையை இறக்கியதும், 9ஆம் தேதி முதல் மேக்னா நதிக்கு அக்கரையில் படைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதுதான். பாலம் தகர்ந்த நதியை லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கும் குரூப் கேப்டன் சந்தன் சிங்கும் ஹெலிகாப்டரால் தாண்டிய அந்த முடிவு டாக்காவுக்கான வழியைத் திறந்தது. இதே எம்ஐ-4 அந்தக் காலத்தில் வட வியட்நாமிடமும் இருந்தது. ஆகவே, 'வியட்நாம் காலத்து ஹெலிகாப்டர்' என்ற சொல்லுக்கு ஹியூயி எவ்வளவு பொருந்துமோ, எம்ஐ-4உம் அவ்வளவு பொருந்தும். இந்தியப் போருக்கும் சேர்த்தே பொருந்தும் என்பது கூடுதல். ஹாபி பாஸ் 1/72இலும், டிரம்பீட்டர் 1/35இலும் இதைத் தந்திருக்கின்றன. 21 மீட்டர் விசிறி 1/72இல் 292 மில்லிமீட்டர், 1/35இல் சரியாக 60 சென்டிமீட்டர். அடிவயிற்றில் துப்பாக்கிக் கூண்டு, வட்ட ஜன்னல் இருந்தால் ராணுவ வகை; சதுர ஜன்னல், கூண்டு இல்லையென்றால் பயணிகள் வகை. தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு எம்ஐ-4 நிற்கிறது. சுற்றி வந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

சேத்தக்கின் கதை இன்னும் நெருக்கமானது. 1959 பிப்ரவரி 28இல் பிரான்ஸில் முதன்முதலாகப் பறந்த அலுவெட் 3 அது. 1962இல் உரிமம் பெற்று, 1965 முதல் பெங்களூரு எச்ஏஎல் 350க்கும் மேற்பட்டவற்றைச் செய்து தந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டியது. வங்கதேச விடுதலைப் போரில் 'கிலோ ஃபிளைட்' என்ற சிறு பிரிவு 1971 செப்டம்பர் 28இல் நாகாலாந்தின் திமாபூரில் உருவானது. அதனிடம் இருந்தவை மூன்றே ரகம்: ஓர் ஆட்டர், ஒரு டகோட்டா, ஓர் அலுவெட். அந்த அலுவெட்டின் இருபுறமும் ராக்கெட் குழல்களைப் பொருத்தினார்கள். டிசம்பர் 3 இரவில் அது நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது. மாடல் கட்டுநருக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது. ஆனால் இதைப் பெட்டியாகப் போட எந்தக் கம்பெனியும் முன்வந்ததாகக் காணோம். பிரான்ஸின் ஹெல்லர் நிறுவனத்து அலுவெட் 3ஐ அடிப்படையாக வைத்து, ராக்கெட் குழல்களை வேறு கிட்டின் மிச்சத்திலிருந்தோ சுயமாகவோ செய்துகொள்ள வேண்டியதுதான். விசிறி 11.02 மீட்டர், 1/72இல் 153 மில்லிமீட்டர். வால் பகுதி மூடிய தகடா, திறந்த கம்பிச் சட்டமா என்று பாருங்கள். கம்பிச் சட்டமும் அடியில் சறுக்குக் கட்டையும் இருந்தால் அது சீட்டா என்ற வேறு ஹெலிகாப்டர். சேத்தக்குக்கு மூடிய வாலும் மூன்று சக்கரமும் உண்டு. செய்திப் படங்களின் கீழே இந்த இரண்டின் பெயரையும் மாற்றி அச்சிடுவது வாராவாரம் நடக்கிறது.

சேத்தக்கைப் பார்க்க நம் ஆட்கள் பிரான்ஸ் போக வேண்டியதில்லை. அரக்கோணத்தில் 1992இல் தொடங்கிய ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில்தான் கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் இதில் பயிற்சி பெறுகிறார்கள். கோவா டபோலிம் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. தளத்துக்குள் நுழைய முடியாதுதான். வானத்தில் பறப்பதைப் படமெடுத்தால் அடிப்புறம் கிடைக்கும், அருங்காட்சியகத்தில் பக்கவாட்டும் தலைப்பகுதியும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரு மாடலுக்குப் போதும்.

எம்ஐ-8க்கு வரும்போது தமிழ் வாசகனால் வெறும் பொழுதுபோக்காகப் பேச முடிவதில்லை. 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய விமானப்படையின் 109ஆம் ஹெலிகாப்டர் பிரிவு எம்ஐ-8களில் படைகளை இறக்கியது. இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார், மற்றவர்கள் மாண்டார்கள். பின்னர் எம்ஐ-25 தாக்குதல் ஹெலிகாப்டர்களும் வந்தன. இலங்கை விமானப்படையோ அதற்கு முன்பிருந்தே பெல் 212களின் கதவில் துப்பாக்கி கட்டிப் பறந்துகொண்டிருந்தது. 'ஹெலி' என்ற சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய குடும்பங்கள் இன்று திருச்சியிலும், டொராண்டோவிலும் இருக்கின்றன. அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் பெல் 212 கட்ட விரும்பினால் கட்டட்டும். அதை அழகுப் பொருளாக மட்டும் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வராது. கிட் விஷயத்துக்கு வந்தால், இடலேரி 1/48இல் இரட்டை எஞ்சின் யூஎச்-1என்/ஏபி-212 தருகிறது. பெல் 412 வேறு; அதற்கு நான்கு இறக்கை.

எம்ஐ-8க்கும் எம்ஐ-17க்கும் உள்ள வித்தியாசமும் வாலில்தான். யாழ்ப்பாணத்தில் இறங்கிய எம்ஐ-8க்கு வால் விசிறி வலப்பக்கம், எம்ஐ-17க்கு இடப்பக்கம். டிரம்பீட்டரின் 1/35 பெட்டி எம்ஐ-17. அதை வைத்து 1987ஆம் வருட எம்ஐ-8 கட்டினால் விசிறியும் எஞ்சின் கூடும் தப்பு. 1/72இல் ஸ்வெஸ்தா, ஹாபி பாஸ் இரண்டுமே எம்ஐ-8டியைத் தனியாகத் தருகின்றன. அதையே எடுக்க வேண்டும். 2024 ஜனவரி 20இல் பிரதமர் ஸ்ரீரங்கம் வந்தபோது ஊர் அண்ணாந்து பார்த்தது எம்ஐ-17இன் பிந்தைய வகை. மூக்கு நீண்டு, பின்பக்கம் சாய்தளக் கதவு வைத்தது. 2021 டிசம்பர் 8இல் சூலூரிலிருந்து கிளம்பிக் குன்னூர் அருகே விழுந்ததும் அந்த வகைதான். அதற்கு எம்ஐ-8டி பெட்டி எந்த வகையிலும் உதவாது.

நேரில் பார்க்க ஹியூயி வேண்டுமென்றால், திருச்சிக்காரருக்கு ஒரு வசதி வந்தது. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு வியட்ஜெட் நேரடி விமானம் விட்டது. அந்நகரின் போர் எச்சங்கள் அருங்காட்சியக முற்றத்தில் ஒரு யூஎச்-1 நிற்கிறது. சுதந்திர மாளிகையின் மொட்டை மாடியில் இன்னொன்று. கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஆனால் வர்ணத்தை நம்ப வேண்டாம். வெயிலில் நிற்கும் காட்சிப் பொருளுக்கு மறுபடி மறுபடி வர்ணம் அடித்திருக்கிறார்கள். அமெரிக்கத் தரைப்படை வியட்நாமில் பூசியது எஃப்எஸ் வர்ண அட்டவணையில் 34087 எண்ணுள்ள மங்கிய ஆலிவ் பச்சை. மரீன் படையினுடையது வேறு பச்சை. நேரில் அளக்க வேண்டியது கதவின் அகலம், ஆணி வரிசை, விசிறித்தலையின் பூட்டுகள், சறுக்குக் கட்டையின் வளைவு. ஒரு நண்பரை அளவுக்கம்பியோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டால் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணக்கிடலாம்.

நின்றிருக்கும் ஹெலிகாப்டரைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எம்ஐ-4, எம்ஐ-8, சேத்தக் இவற்றின் இறக்கைகள் ஓய்வில் நுனி தாழ்ந்து தொங்கும். கிட்டில் வருபவை நேராக இருக்கும். வெந்நீரில் முக்கி மெதுவாக வளைத்தால் சரியாகிவிடும். ஹியூயியின் இரண்டு இறக்கைகள் விறைப்பானவை, அவ்வளவு தொங்காது. இந்த ஒரு திருத்தம், 300 ரூபாய் கிட்டையும் 3,000 ரூபாய் கிட்டைப்போல் காட்டிவிடும். பலர் விலைகூடிய உலோகத் தகட்டுப் பாகங்களுக்குச் செலவு செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி, கிட்டை லால்குடிக்குக் கொண்டுவரும் பாடு. சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பு உண்டு. மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, புதிர் விளையாட்டு இவற்றோடு 'சிறிதாக்கிய ஸ்கேல் மாடல்கள்' என்பதும் அதே தலைப்பில்தான் வருகிறது. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளின் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. அதற்குமேல் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரமுத்திரை கட்டாயம். அந்த ஆணையின்படி பொம்மை என்பது 14 வயதுக்குட்பட்டவர் விளையாடுவதற்கான பொருள். 14 வயதுக்கு மேல் என்று அச்சிட்ட கிட் அதற்குள் வரக்கூடாது என்பது எங்கள் வாதம். பார்சலைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரிக்கு எதிரே இருப்பதோ பெட்டிமேல் படம் போட்ட பிளாஸ்டிக் ஹெலிகாப்டர். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதற்கு வந்த விதியில், இங்கு யாருமே செய்யாத ஒரு பொருள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வேடிக்கை: இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் சில வருடங்கள் தன் கிட்டுகள் பலவற்றை இந்தியாவில்தான் வார்த்தது. பெட்டியின் பக்கவாட்டில் 'மேட் இன் இந்தியா' என்றே அச்சாகியிருக்கும். அச்சு போடத் தெரிந்த கை நாட்டில் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. சேத்தக் கிட் வராததற்குக் காரணம் கைத்திறன் இல்லாமை அல்ல, வாங்குவோர் எண்ணிக்கை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் பரிசாக அனுப்பும் பார்சலும் 2019 டிசம்பர் முதல் முழு வரி கட்டித்தான் வர வேண்டும். சீனக் கம்பெனிகளின் பெட்டிகளை நேரடியாக வாங்க வழியாக இருந்த அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் தடைபட்டது. மிச்சமிருப்பது இரண்டு வழி. பெங்களூரு, சென்னை, மும்பை போன்ற நகரங்களின் வணிகர்கள் வரி கட்டி இறக்கியதை விலை கூட்டி விற்பார்கள்; அதை வாங்குவது நிம்மதி. இன்னொன்று திருச்சிக்கு இயல்பான வழி: சிங்கப்பூர். வாரம் தவறாமல் அங்கிருந்து யாராவது வந்துகொண்டிருக்கும் ஊர் இது. 2016ஆம் வருடப் பயணச்சுமை விதி 50,000 ரூபாய் வரையிலான பொருளை வரியின்றி அனுமதித்தது. ஒரு கிட் அதற்குள் தாராளமாக அடங்கும். பெட்டியைக் கழற்றித் தட்டையாக்கி, பாகங்களைத் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வர்ணமும் பசையும் மட்டும் சொல்லாதீர்கள். தீப்பிடிக்கும் திரவம் என்று விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள், கொண்டுவருபவருக்கும் சங்கடம்.

வர்ணத்துக்கும் பசைக்கும் உள்ளூரிலேயே வழி இருக்கிறது. சின்ன இடைவெளிக்கு ஃபெவிகுவிக், பெரிய பள்ளத்துக்கு எம்-சீல், தேய்க்க நீரில் நனைத்த உப்புத்தாள். கேம்லின் அக்ரிலிக் வர்ணத்தைக் கலந்து ஆலிவ் பச்சை எடுக்கலாம்; பிளாஸ்டிக்கில் பிடிக்க முதலில் பிரைமர் பூச வேண்டும். சித்திரை வெயிலில் ஏர்பிரஷ் எடுத்தால் வர்ணம் பாகத்தில் படுவதற்குள் காய்ந்து பொடியாக விழும். விடியற்காலையில் அடிப்பதே சரி. சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுத்தாளான டீக்காலைப் பரணில் போடாதீர்கள், சூட்டில் மஞ்சளாகிவிடும்.

இந்திய அடையாளங்களை வீட்டிலேயே அச்சிடுபவர்களுக்கு ஒரு சிக்கல். விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் வெள்ளையை அச்சிடாது. ஒளி ஊடுருவும் டீக்கால் தாளில் அச்சிட்டு ஆலிவ் பச்சையின் மேல் ஒட்டினால் வெள்ளை வளையம் காணாமல் போய்விடும். முதலில் வெள்ளை வட்டம் ஒன்றை வர்ணத்தால் போட்டு, அதன்மேல் டீக்காலை ஒட்டுங்கள்.

இனி தீர்ப்பு. வியட்நாம் ஹியூயிதான் வேண்டும் என்பவர் சுடும் வகைக்கு அகாடமி 1/35 யூஎச்-1சியையும், படை இறக்கும் வகைக்கு அதே அளவில் பாண்டா அல்லது டிராகன் யூஎச்-1டியையும் எடுக்கட்டும். கோப்ராவுக்கு ஐசிஎம், வருடம் பார்த்து. முதல் கிட் கட்டுகிறவர் இவை எதையும் வாங்க வேண்டாம். ஹாபி பாஸின் 1/72 எம்ஐ-4ஐ வாங்குங்கள். பாகம் குறைவு, பொருத்தம் நன்று, விலையும் தாங்கும். கட்டி முடித்தால் மேக்னாவும் உங்கள் மேசைமேல், வட வியட்நாமும் உங்கள் மேசைமேல். அதன்பிறகு சேத்தக்.

கடைசியாக, கிட் வாங்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விமானப்படையிலும் கடற்படையிலும் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். எம்ஐ-4, சேத்தக், எம்ஐ-8 அருகில் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் அவர்கள் ஆல்பங்களில் இருக்கும். வால் எண் தெரியும்படி ஸ்கேன் செய்து, பின்புறம் தேதியையும் தளத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். இந்திய ஹெலிகாப்டர் மாடலுக்கு இன்று இல்லாதது பிளாஸ்டிக் அல்ல, அந்தப் படங்கள்தான்.